பெரிய சிசி வண்டியும் சென்னை வெயிலும்: சூட்ட குறைக்க காசு எங்க போடலாம், கூலிங்கா, கோட்டிங்கா, ட்யூனிங்கா?

ஏப்ரல் பிறந்தா போதும், பெரிய வண்டி வச்சிருக்கவங்க எல்லாரும் ஒரே கேள்விய தான் கேக்குறாங்க. சிக்னல்ல நின்னா தொடை வேகுது, ரீமேப் பண்ணா (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்குற பெட்ரோல் செட்டிங், அதாவது மேப்ப மாத்துனா) சரியாகுமா, இல்ல ஃபுல் எக்ஸாஸ்ட் போட்டு கேட்கான (புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர) தூக்கிடலாமா, இல்ல பெண்ட் பைப்புக்கு (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற வளைஞ்ச பைப்) ராப், அதாவது சூடு தாங்குற துணிப்பட்டை, சுத்துனா போதுமா, இல்ல கூலன்ட் மாத்துனாலே சரியாகிடுமா? ஒவ்வொரு கடையில ஒவ்வொரு பதில் சொல்றாங்க. ட்யூனிங் கடைக்கு போனா ட்யூனிங் தான் தீர்வு, எக்ஸாஸ்ட் விக்கிறவர் கிட்ட போனா எக்ஸாஸ்ட் தான் தீர்வு. அதனால எல்லாத்தயும் ஒரே தராசுல வச்சு பாத்துடலாம்.

என் முடிவ மொதல்லயே சொல்லிடறேன். டிராஃபிக்ல நிக்கும்போது வர சூட்டுக்கு ட்யூனிங் மருந்து கிடையாது. வண்டிய ஸ்மூத்தா ஓட வைக்க ட்யூனிங் நல்ல வேலை, அத நான் மறுக்கல, ஆனா "சூடு குறையும்"னு சொல்லி அத விக்கும்போது பாதி உண்மை தான் சொல்றாங்க. ஏன்னு கீழ விவரமா எழுதியிருக்கேன்.

## மொதல்ல, எந்த சூடு?

இத பிரிச்சு பாக்காம காசு போட்டா கண்டிப்பா வேஸ்ட். நம்ம மேல படுற சூடு மூணு வழியில வருது. ஒண்ணு, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது கால் மேல அடிக்கிற அனல் காத்து, லிக்விட் கூல்டு (கூலன்ட் திரவம் ஓடி இன்ஜின ஆத்துற) வண்டி ஓட்டுற எல்லாருக்கும் இது தெரியும். ரெண்டாவது, பெண்ட் பைப்புலயும் கேட்கான்லயும் இருந்து நேரா கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் வர சூடு. மூணாவது, சிலிண்டர், அது மேல இருக்குற ஹெட், ஃப்ரேம் இதெல்லாம் சூடாகி டேங்குக்கு கீழ தொடையில படுறது. ஹார்லி மாதிரி வி-ட்வின் (முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு வி வடிவத்துல ரெண்டு சிலிண்டர்) வண்டியில பின் சிலிண்டருக்கு காத்து கம்மியா தான் கிடைக்கும், அது இருக்குறதும் நம்ம தொடைக்கு பக்கத்துல, அதனால மூணாவது வகை அங்க ரொம்ப ஜாஸ்தி.

இந்த மூணுக்கும் இன்ஜின் ஓவர்ஹீட் ஆகுறதுக்கும் சம்பந்தமே இல்லாம கூட இருக்கலாம். பல லிக்விட் கூல்டு வண்டியில 100, 105 டிகிரி பக்கத்துல தான் ஃபேனே ஓட ஆரம்பிக்கும், அதனால கிண்டி கத்திபாரா ஏறும்போது டிஸ்ப்ளேல 102, 103னு காட்டுனா பதற வேண்டாம், அது வண்டி செஞ்ச கம்பெனி போட்ட கணக்குக்குள்ள தான் இருக்கு. பதற வேண்டியது எப்போன்னா, ஃபேன் ஓடியும் டெம்பரேச்சர் இறங்காம ஏறிக்கிட்டே இருந்தா, வார்னிங் லைட் வந்தா, இல்ல ஓடுற ரோட்டுல 60ல போகும்போதும் இறங்கலன்னா. ஓடும்போதும் இறங்கலன்னா அது டிராஃபிக் பிரச்சனை இல்ல, கூலிங் சிஸ்டத்துல கோளாறு.

சென்னைக்குன்னு இன்னொரு விஷயம் இருக்கு. ஒடம்புல வர வேர்வை காஞ்சா தான் நமக்கு குளிர்ச்சி, கடலோர ஊர்ல காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, வேர்வை காயாது, அதனால அதே 38 டிகிரி நமக்கு ரொம்ப கொடுமையா தெரியும். இன்ஜினுக்கு அந்த கஷ்டம் கிடையாது. இன்ஜினுக்கு கஷ்டம் வேற எங்கன்னா, ரேடியேட்டர் வேலை செய்யுறதே உள்ள இருக்குற கூலன்ட்டுக்கும் வெளிய இருக்குற காத்துக்கும் உள்ள வித்தியாசத்துல தான். கூலன்ட் 100 டிகிரி, காத்து 30னா வித்தியாசம் 70. கத்திரி வெயில்ல காத்து 42 ஆச்சுன்னா வித்தியாசம் 58 தான், அதாவது அதே ரேடியேட்டரோட திறன் ஆறுல ஒரு பங்கு போச்சு. 2003 மே கடைசியில நம்ம ஊர் 45 டிகிரிய தொட்டிருக்கு. அதுவும் நிழல்ல வச்சு அளந்தது. ரெண்டு எம்டிசி பஸ்ஸுக்கு நடுவுல, தார் ரோட்டுக்கு ஒரு அடி மேல, ரேடியேட்டருக்கு கிடைக்கிற காத்து அத விட சூடா தான் இருக்கும்.

ஐடில்ல நிக்கும்போது வண்டி எந்த வேலையும் செய்யல, எரியுற பெட்ரோல் மொத்தமும் சூடா தான் மாறுது. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் எரிஞ்சா அது கிட்டத்தட்ட 9 கிலோவாட், பாத்ரூம்ல மாட்டுற 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீஸர் மூணு ஒண்ணா ஓடுற சூடு. அத ரெண்டு காலுக்கு நடுவுல வச்சுகிட்டு தான் மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்கிறோம். எந்த மேப் போட்டாலும் இந்த சூடு காணாம போகாது, வேற வழியா வெளிய போகும், அவ்ளோ தான்.

## எத வச்சு எடை போடப் போறோம்

ஒவ்வொண்ணயும் நான் பாக்குறது இந்த கேள்விகள வச்சு: நிக்கும்போது வர சூட்ட குறைக்குதா இல்ல ஓடும்போது மட்டுமா, இன்ஜினுக்கு நல்லதா இல்ல காலுக்கு மட்டும் நல்லதா, பழையபடி மாத்த முடியுமா, வாரண்டிக்கும் சட்டத்துக்கும் ஒத்து வருமா, நம்ம ஊர் மழையயும் உப்புக்காத்தயும் தாங்குமா. செலவு கடைசியில தான், ஏன்னா பில்லுல வர தொகைய விட அப்புறம் வர செலவு தான் பெருசு.

## கூலிங் சிஸ்டத்த சரி பண்றது

ரொம்ப சாதாரணமா தெரியுற வேலை, அதனாலயே பெரும்பாலானவங்க தாண்டி போயிடறாங்க. மொதல்ல ரேடியேட்டர் ஃபின், அதாவது காத்து புகுந்து போற தகடுங்க. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்குற பக்கம் தினமும் ஓட்டுற வண்டியோட ரேடியேட்டர பக்கத்துல குனிஞ்சு பாருங்க. சிமெண்ட் தூசி, அது மேல மழைத்தண்ணி பட்டு இறுகிப் போன சேறு, ஈசிஆர்ல நைட் ரைடு போனப்போ அடிச்ச பூச்சி, எல்லாம் சேந்து ஃபின்னுக்கு நடுவுல அடைச்சிருக்கும். பின்னாடி ஒரு டார்ச்ச வச்சு முன்னாடி இருந்து பாத்தா வெளிச்சம் எங்கெல்லாம் வரலயோ அங்கெல்லாம் காத்தும் போகல. கீழ் பாதி, அதாவது முன் டயர் சேற அடிக்கிற எடம், தான் மொதல்ல அடைக்கும். இத சுத்தம் பண்ண வாட்டர் வாஷ் கடைக்கு கொண்டு போய் பிரஷர் கன்ன நேரா காட்ட விட்டுடாதீங்க, ஃபின் அலுமினியம், மெல்லிசா இருக்கும், மடங்கிடும், மடங்குனா அந்த எடம் நிரந்தரமா அடைப்பு தான். சோப்புத் தண்ணி போட்டு ஊற விட்டு, பின்னாடி இருந்து முன்னாடி பக்கமா சாதா பைப் தண்ணி, மென்மையான பிரஷ், அது போதும்.

அப்புறம் கூலன்ட். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், உங்க மேனுவல்ல எவ்ளோன்னு போட்டிருக்கும். பாதிக்கு பாதி தண்ணி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் சாதாரணமா 107 டிகிரி பக்கத்துல கொதிக்கும், 1.1 பார் பிரஷர் மூடிக்கு உள்ள இருந்தா 125ஐ தாண்டும். அந்த மூடியோட ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னா பிரஷர் நிக்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிச்சு ரிசர்வ் டேங்க்ல பொங்கும். ரேடியேட்டர், பம்ப் எல்லாம் மாத்தி பாத்துட்டு கடைசியில மூடி தான் காரணம்னு கண்டுபிடிக்கிற வண்டிங்க உண்டு. விலையில ரொம்ப சின்ன பொருள், மொதல்ல அத பாருங்க. வண்டி சூடா இருக்கும்போது மட்டும் அத திறக்கவே கூடாது, மூஞ்சில அடிக்கும்.

கூலன்ட் கம்மியா இருக்குன்னு வீட்டு போர் தண்ணிய ஊத்துறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம். நம்ம ஊர் போர் தண்ணியில இருக்குற உப்பு உள்ள படிஞ்சு குழாய் அடைக்கும், அலுமினியத்த அரிக்கும். ரெடி மிக்ஸ் கூலன்ட் வாங்குங்க, கான்சன்ட்ரேட் வாங்குனா பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி தண்ணி கலந்துக்கலாம்.

ஃபேன் ஓடுதான்னு பாருங்க, ரிலே, கனெக்டர் எல்லாம் மழையில ஊறி பச்ச பிடிச்சிருக்கும். இன்ஜின் ஆயில் லெவல், கிரேடு. ராயல் என்ஃபீல்டு 650க்கு 10டபிள்யூ-50 சொல்லியிருக்காங்கன்னா ஒரு காரணம் இருக்கு, மைலேஜ் வரும்னு யாரோ சொன்னாங்கன்னு தண்ணியான ஆயில் ஊத்தாதீங்க. டேப்பெட் (வால்வ் இடைவெளி) டைட்டா இருந்தா எக்ஸாஸ்ட் வால்வ் சரியா உக்காந்து சூட்ட ஹெட்டுக்கு கடத்த முடியாது, அதயும் கிலோமீட்டர் கணக்குப்படி பாத்துடணும். பிரேக் பிடிச்சுகிட்டே இருக்கா, செயின் டைட்டா இருக்கான்னும் ஒரு பார்வை. ரெண்டுமே இன்ஜினுக்கு சும்மா பாரம்.

இதோட மறைமுக செலவு நேரம் தான். பல வண்டியில ஃபேரிங் கழட்டாம ரேடியேட்டர் பக்கம் போகவே முடியாது, கிளிப் உடையும், ஒவ்வொரு கிளிப்பும் தனியா ஆர்டர் போடணும். மத்தபடி வாரண்டிக்கு ஆபத்து இல்ல, சட்டத்துக்கு பிரச்சனை இல்ல, இன்ஜினுக்கும் நல்லது. யாரா இருந்தாலும் மத்த எதுக்கும் முன்னாடி இத முடிச்சுட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாக்கணும்.

## சூட்ட மறைக்கிறது: ராப், செராமிக் கோட்டிங், ஹீட் ஷீல்ட்

கால்ல படுற சூடு தான் பிரச்சனை, இன்ஜின் டெம்பரேச்சர் சரியா இருக்குன்னா இந்த பக்கம் வரலாம்.

ராப் பத்தி நான் கொஞ்சம் கடுமையா தான் பேசுவேன். விலை கம்மி, ஜிபி ரோட்டுல எந்த கடையிலயும் கிடைக்கும், தண்ணியில ஊற வச்சு டைட்டா சுத்தி ஸ்டீல் டை போட்டா ஒரு மதியத்துல வேலை முடிஞ்சுடும், கால்ல படுற சூடு உண்மையாவே குறையும். ஆனா அது நம்ம ஊருக்கு செஞ்ச சாமான் இல்ல. பள்ளிக்கரணை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல ரெண்டு மழைக்காலம் பாத்த ராப்ப கட் பண்ணி எடுக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தேன். மேல பாக்க கருப்பா அழகா தான் இருந்துச்சு, கத்திய விட்டு கிழிச்சதும் உள்ள துணி இன்னும் ஈரம், பைப் மேல செங்கல் கலர்ல துரு தட்டு தட்டா நிக்குது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு லேசா அழுத்துனாரு, வளைவு இருக்குற எடத்துல உள்ள போயிடுச்சு. "அண்ணே, இனிமே வெல்டிங் கூட நிக்காது, பைப் புதுசு தான்"னாரு. வண்டிக்காரருக்கு ராப் வாங்குன காசு நினைவுலயே இல்ல, புது பெண்ட் பைப் விலைய கேட்டு தான் உக்காந்துட்டாரு.

காரணம் சிம்பிள். ராப் துணி தண்ணிய இழுத்து வச்சுக்கும், தேங்குன மழைத்தண்ணியில ஒரு தடவ போனாலே போதும், அது மேல கடல் காத்து உப்பு. அதோட சூடு வெளிய போகாம உள்ளயே நிக்கிறதால பைப்போட மெட்டல் முன்னாடிய விட ஜாஸ்தி சூடாகும், சாதா ஸ்டீல்னா துரு இன்னும் வேகமா வரும். நல்ல ஸ்டெயின்லெஸ் பைப்னா பரவால்ல, தாங்கும். மழையில எடுக்கவே மாட்டேன், சனி ஞாயிறு மட்டும் தான்னு சொல்றவங்களுக்கும் ராப் ஓகே. தினசரி ஓட்டுற வண்டிக்கு வேண்டாம்.

அதே வேலைய செராமிக் கோட்டிங் சுத்தமா செய்யும். பைப்ப கழட்டி, சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, கோட்டிங் அடிச்சு, ஓவன்ல வச்சு எடுப்பாங்க. உள்ளயும் வெளியவும் அடிச்சா இன்னும் நல்லது. தண்ணி தேங்க எடம் இல்ல, துருவும் அண்டாது, வாரண்டி பக்கமும் பெரிய தகராறு வராது, ஏன்னா எமிஷன் (புகைய கட்டுப்படுத்துற) சாமான் எதயும் நீங்க மாத்தல. செலவு ராப்ப விட பல மடங்கு, வண்டி சில நாள் கடையில நிக்கும், திரும்ப மாட்டும்போது எக்ஸாஸ்ட் கேஸ்கெட் புதுசு போடணும், பழைய ஸ்டட் துருப்பிடிச்சு உடைஞ்சா அத எடுக்க தனி வேலை. இன்னொண்ணு, ஸ்ப்ரே டப்பாவுல கருப்பு ஹீட் பெயிண்ட் அடிச்சுட்டு அதயும் செராமிக்னு சொல்ற எடங்க இருக்கு. என்ன மெட்டீரியல், எத்தன டிகிரி தாங்கும், ஓவன்ல வைப்பாங்களான்னு கேட்டுட்டு கொடுங்க.

ஹீட் ஷீல்டும் ஃப்ரேமுக்கு உள்ள ஒட்டுற ரிஃப்ளெக்டிவ் ஷீட்டும் மூணாவது வகை சூட்டுக்கு, அதாவது டேங்க், தொடை பக்கத்துக்கு, நல்லா வேலை செய்யும். டேங்க் அடியில ஒட்டும்போது ஒயரிங் மேலயும் காத்து போற வழியிலயும் படாம பாத்துக்கங்க.

## ட்யூனிங்: பிக்கிபேக், ரீமேப்

இங்க தான் ரொம்ப குழப்பம், அதனால கொஞ்சம் நிதானமா.

"பிஎஸ்6 வண்டி லீனா ஓடுது, அதான் சூடு" அப்படின்னு எல்லாரும் சொல்றாங்க. பிஎஸ்6ங்குறது புகை அளவுக்கான விதி, லீன்னா கலவையில பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுல இருந்து வண்டிங்க எமிஷனுக்காக கறாரா செட் பண்ணப்பட்டிருக்குங்குறது உண்மை. எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன அளக்குற ஓ2 சென்சார் சொல்றத கேட்டு ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், சுத்தமான பெட்ரோலுக்கு 14.7க்கு 1ங்குற கலவைய பிடிச்சு வைக்கும், அதாவது 14.7 கிலோ காத்துக்கு ஒரு கிலோ பெட்ரோல். கேட்கான் ஒழுங்கா வேலை செய்ய அந்த கலவை தான் வேணும். எக்ஸாஸ்ட் வாயு ரொம்ப சூடா வர்றதும் கிட்டத்தட்ட அந்த கலவையில தான். கொஞ்சம் ரிச் பண்ணா, அதாவது பெட்ரோல கூட்டுனா, எக்ஸாஸ்ட்டும் ஹெட்டும் கொஞ்சம் ஆறும், த்ராட்டில் ஜெர்க் குறையும், கம்மி ஆர்பிஎம்ல வண்டி இழுக்கும். இது வரைக்கும் ட்யூனர் சொல்றது சரி தான்.

சொல்லாம விடுறது என்னன்னா, இந்த நன்மை பெரும்பாலும் ஓடும்போது தான் தெரியும். நிக்கும்போது சூட்ட எடுத்துட்டு போக காத்து இல்லங்குறது தான் பிரச்சனை. கலவைய மாத்துனா காத்து வராது. இன்னொண்ணு, வெறும் பிக்கிபேக் பாக்ஸ (ஈசியு சிக்னல நடுவுல பிடிச்சு மாத்துற சின்ன பெட்டி) மாட்டி ஓ2 சென்சார அப்படியே விட்டா, பாக்ஸ் ரிச் பண்ணும், சென்சார் அத பாத்து ஈசியுவுக்கு சொல்லும், ஈசியு திரும்ப குறைக்கும், ரெண்டும் சண்ட போட்டுகிட்டு இருக்கும். அத தடுக்க சென்சாருக்கு பதிலா ஒரு டம்மி பிளக் போட்டா வண்டி ஓபன் லூப்புக்கு (சென்சார கேக்காம ஓடுற நிலை) போயிடும், இன்ஜின் செக் லைட் வரலாம், மைலேஜ் இறங்கும். ரொம்ப ரிச் ஆகி மிஸ்ஃபயர் அடிச்சா எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள்ள போய் எரியும், அப்போ கால் பக்கம் சூடு ஏறும், குறையாது. சூடு குறையணும்னு செஞ்ச வேலை இப்படி திரும்பி அடிக்கிறது இங்க தான்.

ஈசியுவையே ஃப்ளாஷ் பண்ற (உள்ள இருக்குற மேப்ப மாத்தி எழுதுற) ரீமேப் இத விட சுத்தமான வழி. சில ஜப்பான் வண்டிகள்ல ஃபேன் எந்த டெம்பரேச்சர்ல ஓட ஆரம்பிக்கணும்னே மேப்புல மாத்தலாம், 105க்கு பதிலா 95ன்னு வைக்கலாம். டிராஃபிக் சூட்டுக்குன்னு பாத்தா மொத்த ரீமேப்புலயும் உருப்படியான மாற்றம் இது ஒண்ணு தான்னு நான் சொல்வேன், பெட்ரோல் கலவை இல்ல. அதுலயும் ஒரு விலை இருக்கு, ஃபேன் ஜாஸ்தி நேரம் ஓடும், பேட்டரிக்கும் ஃபேன் மோட்டாருக்கும் வேலை கூடும், அனல் காத்து கால் மேல சீக்கிரமே அடிக்க ஆரம்பிக்கும். இன்ஜினுக்கு நல்லது, காலுக்கு பெருசா லாபம் இல்ல.

பெட்ரோல் மாறுனதயும் சேத்து பாக்கணும். இப்போ பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுக்கு சரியான கலவை 13.5 பக்கம். ஓ2 சென்சார் இருக்குற ஈஎஃப்ஐ (ஈசியு பெட்ரோல் அளவ முடிவு பண்ற) வண்டி தானா சரி பண்ணிக்கும். ஆனா பழைய பெட்ரோலுக்குன்னு ஜெட் (பெட்ரோல் வர்ற துளை) வச்ச கார்புரேட்டர் வண்டி, பழைய இம்போர்ட் நாலு சிலிண்டர் வண்டிங்க எல்லாம், அதே ஜெட்டோட ஓடுனா நிஜமாவே லீன் ஆகும். இந்த மாதிரி வண்டிக்கு ஜெட் பெருசு பண்ணி ட்யூன் பண்றது ஆடம்பரம் இல்ல, அவசியம். அதுக்கு முன்னாடி இன்டேக் ரப்பர் வெடிச்சு காத்து இழுக்குதான்னு பாத்துடுங்க, வெயில்ல வருஷக்கணக்கா நின்ன வண்டியில அது சகஜம்.

95, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டா சூடு குறையுமான்னும் கேக்குறாங்க. வண்டி நாக் அடிக்கிற (கலவை தானாவே வெடிச்சு தட்டுற) அளவுக்கு இருந்து, அத உணர்ந்து ஈசியு ஸ்பார்க்க தள்ளிப் போடுற டைப்னா குறையலாம், ஏன்னா ஸ்பார்க் லேட்டானா எக்ஸாஸ்ட் சூடு ஏறும். கம்ப்ரஷன் 9.5 தான் இருக்குற என்ஃபீல்டு 650ல அந்த காசுக்கு வித்தியாசம் தெரியாது.

ட்யூனிங் யாருக்குன்னா, ஏற்கனவே எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் மாத்துனவங்களுக்கு, கார்புரேட்டர் வண்டிக்காரங்களுக்கு, ட்ராக் போறவங்களுக்கு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல வெயில் நாள்ல ஓட்டப் போறீங்கன்னா ஒழுங்கான மேப் இன்ஜின காப்பாத்தும், ஏன்னா அங்க நீங்க ஃபுல் த்ராட்டில்ல இருக்கீங்க, கலவை தப்பா இருந்தா பிஸ்டன் தான் பதில் சொல்லும். எதயும் மாத்தாத ஸ்டாக் வண்டில ஆபீஸ் போய் வரவங்க இதுக்கு செலவு பண்ண வேண்டாம்.

## எக்ஸாஸ்ட் மாத்தி கேட்கான எடுக்குறது

கேட்கான் இருக்குற எடம் காலுக்கு பக்கத்துல இருந்தா, அத எடுத்ததும் சூடு குறையுறது நல்லாவே தெரியும், அத இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா இது நான் வேண்டாம்னு நேரா சொல்ற ஒரே வழி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டிய கம்பெனி செஞ்ச அமைப்புல இருந்து மாத்துறத தடுக்குது. காத்து மாசு, சத்த அளவ மீறுனா 190வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு, ஜெயிலுக்கும் எடம் இருக்கு. போலீஸ் பிடிக்கிறது ஒரு பக்கம், விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிய பாக்கும்போது இது ஒரு கேள்வியா வந்து நிக்கும். வாரண்டி போகும். அதுக்கு மேல, நாம விடுற புகைய நமக்கு பின்னாடி ஸ்கூட்டர்ல கொழந்தைய முன்னாடி நிக்க வச்சுகிட்டு வரவங்க தான் சுவாசிக்கிறாங்க. என் தொடை ஆறணும்னு அதுக்கு நான் தயாரா இல்ல.

ஸ்லிப் ஆன், அதாவது பின்னாடி சைலன்சர் டப்பா மட்டும், கேட்கான் அப்படியே இருக்க மாத்துனா? சத்தம், எடை மாறும். சூட்டுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வராது, ஏன்னா சூடு இருக்குறது பெண்ட் பைப்புலயும் கேட்கான்லயும், பின்னாடி டப்பாவுல இல்ல.

## ஆயில் கூலர், கூடுதல் ஃபேன்

ஏர் கூல்டு வண்டிக்கு தனியா ஆயில் கூலர் போடலாம், நல்ல யோசனை தான், தெர்மோஸ்டாட்டோட (ஆயில் சூடானா மட்டும் கூலருக்கு விடுற வால்வ்) இருந்தா. தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் டிசம்பர் காலையில பக்கத்து தெருவுக்கு போய் வரும்போது ஆயில ஒழுங்கா சூடாகவே விடாது, உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாம ஆயில கெடுக்கும். ஏற்கனவே கூலர் இருக்குற 650 மாதிரி வண்டிக்கு ஃபேன் கிடையாது, நின்னா அந்த கூலருக்கும் காத்து இல்ல, அதுல சின்னதா ஒரு ஃபேன் வச்சா நிக்கும்போது உதவும். ஆனா ஹோஸ் ஜாயிண்ட்ல ஆயில் லீக்காகி பின் டயர்ல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சு நல்ல ஃபிட்டிங், நல்ல ஆள் பாத்து தான் செய்யணும். ஒயரிங்க ரிலே இல்லாம நேரா இழுக்குற கடைன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

## ஓட்டுற விதம்

காசே இல்லாத வழி. நொடி காட்டுற சிக்னல்ல 60க்கு மேல இருந்தா கில் சுவிட்ச் போட்டு ஆஃப் பண்ணிடுங்க. லிக்விட் கூல்டு வண்டின்னா சாவிய ஆன்லயே விட்டா பல மாடல்ல ஃபேன் தொடர்ந்து ஓடும், உங்க வண்டில ஓடுதான்னு ஒரு தடவ வீட்டு வாசல்ல செஞ்சு பாத்துக்கங்க. ஹெட்லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும், அதனால பேட்டரி பழசுன்னா அளவோட. ஹார்லில நின்னு சூடானா பின் சிலிண்டருக்கு பெட்ரோல தானா நிறுத்துற வசதி சில மாடல்ல வருது, அப்போ சத்தம் மாறுறத கேட்டு வண்டி கெட்டுப் போச்சுன்னு நினைக்கிறவங்க உண்டு, அது கெடல, உங்களுக்காக தான் வேலை செய்யுது.

பாதி கிளட்ச்லயே ஊர்ந்து போறத குறைங்க, முன்னாடி கொஞ்சம் எடம் விட்டு மொத்தமா நகருங்க. வெட் கிளட்ச் (ஆயில்ல ஊறியே இருக்குற கிளட்ச்) தேயுற சூடு நேரா இன்ஜின் ஆயில்ல தான் சேரும். ஷார்ட்ஸ், செருப்போட பெரிய வண்டி ஓட்டாதீங்க, விழுந்தா என்னங்குறது ஒரு பக்கம், கனமான ரைடிங் பேண்ட்டும் கணுக்கால மூடுற பூட்ஸும் போட்டா பைப் சூடு காலுக்கு வர்றது நல்லாவே குறையும். மேல மெஷ் ஜாக்கெட்.

தினமும் வேளச்சேரியில இருந்து சிறுசேரிக்கு பீக் டைம்ல போறவங்க ஒரு பழைய ஸ்கூட்டர வாங்கி ஆபீசுக்கு வச்சுக்கிட்டு, பெரிய வண்டிய காலையில அஞ்சரைக்கு ஈசிஆர்ல எடுக்குறத நான் முழு மனசோட சிபாரிசு பண்றேன். ஃபுல் எக்ஸாஸ்ட்டும் பிக்கிபேக்கும் சேந்து ஆகுற காசுக்கு பல சமயம் ஒரு ஓடுற ஸ்கூட்டரே வந்துடும்.

## ஒரே பார்வையில

| வழி | நிக்கும்போது சூடு | ஓடும்போது சூடு | இன்ஜினுக்கு | வாரண்டி, சட்டம் | அப்புறம் வர செலவு |
|---|---|---|---|---|---|
| கூலிங் சர்வீஸ் | குறையும், அடைப்பு இருந்திருந்தா நல்லாவே | குறையும் | ரொம்ப நல்லது | பிரச்சனை இல்ல | கிளிப், நேரம் |
| ராப் | காலுக்கு குறையும் | காலுக்கு குறையும் | லாபம் இல்ல | பெரும்பாலும் பிரச்சனை இல்ல | துரு, புது பைப் |
| செராமிக் கோட்டிங் | காலுக்கு குறையும் | காலுக்கு குறையும் | பெருசா மாற்றம் இல்ல | பெரும்பாலும் பிரச்சனை இல்ல | கேஸ்கெட், ஸ்டட் |
| ரீமேப், பிக்கிபேக் | ரொம்ப கொஞ்சம் | கொஞ்சம் குறையும் | நல்லா செஞ்சா நல்லது | வாரண்டி போகலாம் | மைலேஜ், திரும்ப ட்யூனிங் |
| கேட்கான் எடுக்குறது | காலுக்கு குறையும் | காலுக்கு குறையும் | மேப் இல்லன்னா கெடுதி | வாரண்டி போகும், சட்டப்படி தப்பு | அபராதம், இன்சூரன்ஸ் தகராறு |
| ஆயில் கூலர், ஃபேன் | ஃபேன் இருந்தா குறையும் | குறையும் | தெர்மோஸ்டாட்டோட நல்லது | வாரண்டி கேள்வி வரும் | லீக், ஒயரிங் |

## உங்களுக்கு எது

வாரண்டில இருக்குற புது லிக்விட் கூல்டு வண்டின்னா கூலிங் சர்வீஸ், பூட்ஸ், பேண்ட், அதோட நிறுத்துங்க. ஒரு வெயில் காலம் முழுக்க ஓட்டியும் கால் தாங்கலன்னா செராமிக் கோட்டிங். வாரண்டி முடிஞ்ச ஏர் கூல்டு பெரிய ட்வின்னுக்கு செராமிக் மொதல், ஃபேனோட ஆயில் கூலர் ரெண்டாவது, ட்யூனிங் மூணாவது. கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் இந்த வரிசை மாறும், அங்க இ20க்கு ஏத்த மாதிரி ஜெட்டிங் தான் மொதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம்.

ட்யூனிங்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கடைக்காரர் கிட்ட பவர் எவ்ளோ கூடும்னு கேக்காதீங்க, ட்யூனுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த ஏர் ஃப்யூயல் (காத்து, பெட்ரோல் கலவைய காட்டுற) கிராஃப் ரெண்டயும் கையில குடுப்பீங்களான்னு கேளுங்க. அத எங்க அளக்குறாங்கன்னும் பாருங்க. சைலன்சர் பின்னாடி வாயில சென்சார விட்டு அளந்தா கேட்கான தாண்டி வந்த வாயு அது, நம்பர் சரியா இருக்காது, கேட்கானுக்கு முன்னாடி பெண்ட் பைப்ல அளக்கணும். டைனோ (வண்டிய நிக்க வச்சு ஓட்டி பவர் அளக்குற மெஷின்) ரூம்ல ஒரு சாதா டேபிள் ஃபேன் மட்டும் ஓடுதுன்னா வண்டி அங்கயே வெந்துடும், அந்த சூட்டுல எடுத்த அளவுக்கு போட்ட மேப் ரோட்டுல வேற மாதிரி நடந்துக்கும். 42 டிகிரி காத்து 25 டிகிரி காத்த விட 5 சதவீதம் போல அடர்த்தி கம்மி, அதனால ரெண்டு கிராஃபும் ஒரே நாள், ஒரே நேரத்துல எடுத்ததா இருக்கணும். ஸ்டாக் மேப்ப ஒரு காப்பி எடுத்து உங்க கிட்ட குடுக்க மாட்டேன்னு சொல்ற கடைன்னா அங்க வண்டிய விடாதீங்க.